நண்டுக் குழம்புக்கு எந்த பிரெஞ்சு வெள்ளை ஒயின்? நாலு பாட்டில் வந்திருக்கிறது

மடத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பிரான்சில் துலூஸில் இருக்கிற என் கொழுந்தனும் ஓரகத்தியும் லீவுக்கு வந்திருக்கிறார்கள். ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் சுங்கத்தில் விடுவார்களாம். அந்தத் தைரியத்தில் நாலு பாட்டில் வெள்ளை ஒயினைச் சேலைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே சுருட்டி, ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள் ஓரகத்தி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு.

நாலுமே ஒரே திராட்சையில் செய்தது இல்லை, கலப்பு ஒயின் என்கிறாள். எதை எதோடு வைப்பது என்று கேட்டால் அவளுக்கும் குழப்பம். அங்கேயே பிறந்து வளர்ந்தவள், நம் குழம்பின் உறைப்பு அவளுக்குப் பழக்கமில்லை. எனக்கு ஒயின் பழக்கமில்லை. கொழுந்தனைக் கேட்டால் "எதையாவது திற, எல்லாம் ஒன்றுதான்" என்கிறான். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பாட்டில்களில் எழுதியிருப்பதை ஓரகத்தியை வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். முதலாவது கோத் து கஸ்கோன், கொலோம்பார், ஊனி பிளாங்க் என்கிற ரெண்டு திராட்சை சேர்ந்தது, சாராயச்சத்து 11 சதவீதம். ரெண்டாவது ஆந்த்ர்-து-மேர், பின்பக்கச் சீட்டில் சொவிஞ்ஞோன், செமியோன், முஸ்கதெல் என்று இருக்கிறது, 12.5 சதவீதம். மூன்றாவது கோத் து ரோன், வெள்ளை. அதில் கிரெனாஷ் பிளாங்க், கிளேரெத், ரூசான், வியோனியே என்று நாலு பெயர், 14 சதவீதம். கடைசியாக சோதேர்ன், இனிப்பு ஒயின், அரை பாட்டில்தான், பார்த்தால் நல்லெண்ணெய் நிறம். அதுதான் விலை கூடியது என்கிறாள்.

சாப்பாடு இதுதான்: நெத்திலி வறுவல், கணவாய் மிளகு போட்டுச் சுருளவிட்டது, மாங்காய் போட்ட சாளைப் புளிக்குழம்பு, குண்டு வத்தல் அரைத்து ஊற்றிய நண்டுக் குழம்பு. பிள்ளைகளுக்கும் மாமியாருக்குமாக விளமீனில் தேங்காய்ப்பால் சொதி. கடைசியில் இனிப்புக்குக் கீழக்கரைத் தொதல், சொல்லிவைத்து வாங்கியாகிவிட்டது. மீனைப் பற்றிக் கவலை இல்லை, சனிக்கிழமை போகிற விசைப்படகு ஞாயிறு காலையில் கரைக்கு வந்துவிடும்.

மாமியாரும் ஒரு வாய் குடிப்பார். ஆனால் அவர் குடித்தது யாருக்கும் தெரியக்கூடாது, அது தனிக் கதை.

வாடைக்காற்று எழுதியது:

இதுக்கெல்லாம் ஆராய்ச்சியா? மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு, அவ்வளவுதான். நாலையும் பிரீசரில் போடுங்கள், ஐஸ் கட்டி மிதக்கவிட்டுக் குடியுங்கள். நண்டுக் குழம்பு உறைப்பில் எந்த ஒயின் என்று நாக்குக்குத் தெரியவா போகிறது? நானாக இருந்தால் பாட்டிலைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு நிம்மதியாகக் குழம்புக்கு உட்காருவேன்.

பழைய அடுப்படி எழுதியது:

வாடைக்காற்று சொன்னதில் பாதி சரி. சிவப்பு ஒயினில் இருக்கிற இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்தால் வாயில் கவுச்சி எழும். ஜப்பானில் 2009-ல் இதைச் சோதித்தே காட்டினார்கள். சாளை மாதிரி நெய்ச்சத்துள்ள மீனில் அது இன்னும் கூடுதல். ஆனால் வெள்ளை என்றால் எல்லா வெள்ளையும் ஒன்று என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐஸ் கட்டி யோசனையை மன்னித்து விடுகிறேன்.

தங்கச்சி, உங்கள் ஓரகத்திக்கு விவரம் தெரிந்திருக்கிறது. எடுத்து வந்திருக்கிற நாலும் நாலு திசை. நான் மூக்கையூர் பக்கத்துக்காரன். போர்தோவுக்குத் தெற்கே ஒரு சின்ன உணவகத்தில் சட்டி கழுவப் போய், மீன் வெட்டி, கடைசியில் மீன் அடுப்பில் நின்று, இப்போது மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கற்றுக்கொண்டதை நம் சட்டிக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன்.

முதலில் ஏன் கலக்கிறார்கள் என்பது. பர்கண்டியில் வெள்ளை என்றால் பெரும்பாலும் ஷார்தொனே மட்டும், சான்சேரில் சொவிஞ்ஞோன் மட்டும். தெற்கேயும் தென்மேற்கேயும் அப்படி இல்லை. உங்கள் ஆந்த்ர்-து-மேர் வருகிற போர்தோ அட்லாண்டிக் காற்று அடிக்கிற இடம். பூ விடுகிற நேரம் மழை பிடித்துக்கொண்டால் ஒரு ரகம் கெடும், பின்னால் பூக்கிற இன்னொன்று தப்பிக்கும். 1956 பிப்ரவரி உறைபனியில் கொடிகளே பட்டுப்போன ஊர் அது. ஒரே ரகத்தை நம்பி நிலம் முழுக்க நட அங்கே யாருக்குத் துணிச்சல் வரும்?

இது விவசாயி கணக்கு. வாய்க் கணக்கு வேறு. சொவிஞ்ஞோனில் புளிப்பும் வாசமும் உண்டு: அறுத்த புல், எலுமிச்சைத் தோல், பம்பளிமாஸ். ஆனால் உடம்பு மெலிசு. செமியோனுக்கு உடம்பு உண்டு, நாக்கில் மெழுகு தடவினாற்போல் நிற்கும், வயதானால் தேன் வாசம் வரும். இளசில் மணம் குறைவு, புளிப்பும் குறைவு. முஸ்கதெல் கொஞ்சம்தான் போடுவார்கள், பூ வாசத்துக்கு. உங்கள் சாளைக் குழம்பில் புளி இருக்கும்போது மாங்காய் எதற்கு? புளி ஒரு பக்கமாக இழுக்கும், மாங்காய் வேறு பக்கம் நின்று குழம்பை நிமிர்த்தும். கலப்பு ஒயினின் வேலையும் அதுதான்.

சொவிஞ்ஞோன் முந்திப் பழுக்கும், செமியோன் பிந்தும். அதனால் தனித்தனியாகப் பறித்துத் தனித்தனியாகவே நொதிக்கவிடுவார்கள். குளிர்காலம் கழிந்து ருசி பார்த்து, இது இவ்வளவு அது இவ்வளவு என்று சேர்ப்பார்கள். எங்கள் கடைக்கு ஒயின் போடுகிறவரின் கொட்டகையில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் சொவிஞ்ஞோனை ஊற்றி, அதன்மேல் செமியோனைப் பத்தில் ஒரு பங்கு, பிறகு ரெண்டு பங்கு, மூன்று பங்கு என்று கூட்டிக்கொண்டே போனார். முதல் கிளாஸ் பல்லைக் கூசவைத்தது. ரெண்டு பங்கில் கூச்சம் அடங்கியது. மூன்றில் ஒயின் வாயை விட்டுப் போகவே யோசித்தது. நாலாவதில் புல் வாசம் செத்துவிட்டது. அவர் தலையை ஆட்டி, மூன்றுக்கே திரும்பிப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, உங்கள் சாப்பாட்டுக்கு வருவோம். நம் ஊர்ச் சாப்பாட்டில் மீன் எது என்பது ரெண்டாவது கேள்விதான். சட்டியில் புளி எவ்வளவு, வத்தல் எவ்வளவு, தேங்காய்ப்பால் உண்டா, எண்ணெயில் பொரித்ததா, இதுதான் முதல் கேள்வி. அங்கே வெண்ணெயிலும் எலுமிச்சையிலும் மீன் செய்கிறவன் எழுதின சோடிப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒன்றும் பொருந்தாது.

நெத்திலி வறுவலுக்குக் கஸ்கோன் பாட்டில். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கொலோம்பாரும் ஊனி பிளாங்க்கும் அர்மாஞாக் சாராயம் காய்ச்சுவதற்காக வளர்த்த ரகங்கள். காய்ச்சுகிற ஒயினுக்குப் புளிப்பு நிறைய வேண்டும், சாராயச்சத்து கம்மியாக இருந்தால் போதும். அதே குணத்தைத்தான் இப்போது பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கையும் உப்பையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு அடுத்த நெத்திலிக்கு வாயைத் தயார் செய்யும். வந்தவர்கள் கையில் முதலில் இதைக் கொடுங்கள். துலூஸிலிருந்து கஸ்கோன் பக்கம்தான், அங்கே இது தினப்படிச் சரக்கு. விலை மலிவு என்று உங்கள் கொழுந்தன் இளக்காரமாகப் பேசினால் காதில் வாங்காதீர்கள்.

சாளைப் புளிக்குழம்புக்கும் கஸ்கோன்தான், அல்லது ஒன்றுமே வேண்டாம். சாப்பாட்டில் இருக்கிற புளிப்பைவிட ஒயினில் புளிப்பு குறைந்தால் ஒயின் சப்பென்று போய்விடும். நம் புளிக்கு முன்னால் நிற்க முடிகிற வெள்ளை கொஞ்சம்தான்.

கோத் து ரோன் இதற்கு நேர் எதிர். அது வெயில் பூமி, அவிஞோன் பக்கம். கிரெனாஷ் பிளாங்க் கனமும் சாராயச்சத்தும் கொடுக்கும். வெயிலில் புளிப்பு ஓடிவிடாமல் பிடித்து வைக்கக் கிளேரெத். ரூசான் பேரிக்காய் வாசமும் மூலிகை வாசமும் தரும். வியோனியே கொஞ்சமாகச் சேர்த்தாலே ஆப்ரிகாட் பழ வாசம் மூக்கில் ஏறும். இந்த வகையறாவைப் புளிக்குழம்போடு வைத்தால் கசக்கும். நண்டுக் குழம்போடு வைத்தால் எரியும். வத்தலின் எரிச்சலும் சாராயத்தின் எரிச்சலும் நாக்கில் ஒரே நரம்பைத்தான் தொடுகின்றன, 14 சதவீதம் என்றால் தீயில் எண்ணெய். ஆனால் விளமீன் சொதிக்கு இதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியாது. தேங்காய்ப்பாலின் கொழுப்புக்கு ஈடுகொடுக்கிற கனம் ஒயினிலேயே இருக்கிறது, மஞ்சளும் இஞ்சியும் ரூசானோடு ஒத்துப்போகும். சொதியில் பச்சை மிளகாயைக் கீறிப் போடாமல் முழுசாகப் போட்டு எடுத்துவிடுங்கள். எலுமிச்சையை இறக்கிய பிறகு கொஞ்சமாகப் பிழியுங்கள்.

இப்போது நண்டு. எல்லா நண்டையும் குழம்பில் போடாதீர்கள். நல்ல நீலக்கால் நண்டாக நாலைந்தை எடுத்து வைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, அப்படியே உடைத்துத் தட்டில் வையுங்கள். அதோடு ஆந்த்ர்-து-மேர். அவித்த நண்டுச் சதையில் ஒரு தித்திப்பு உண்டு, குழம்பில் போட்டால் அதை வத்தல் விழுங்கிவிடும். செமியோன் அந்தத் தித்திப்போடு போய் உட்காரும், சொவிஞ்ஞோன் உப்பை எடுக்கும். ஆர்காஷோன் கடற்கரையில் பச்சைச் சிப்பியைச் சூடான பன்றி சாஸேஜோடு மாற்றி மாற்றிக் கடித்து, போர்தோ வெள்ளையைக் குடிப்பார்கள். சில்லென்று ஒன்று, சுடச்சுட ஒன்று. நீங்களும் ஒரு கை அவித்த நண்டு, ஒரு கை கணவாய் வறுவல் என்று வைத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் குழம்பு நண்டுக்கு? சோதேர்ன். சின்ன கிளாஸில் நாலு மடக்கு. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

தொதலோடு எந்த ஒயினும் வேண்டாம். இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும், தொதலை ஜெயிக்கிற ஒயின் பிரான்சில் இல்லை. சுக்குக் காப்பி போடுங்கள்.

அரசலாறு எழுதியது:

சண்டைக்கு வந்துவிட்டேன் அண்ணே. நான் காரைக்கால்காரன். எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். வீட்டில் சோதேர்ன் பாட்டில் வந்தால் கிறிஸ்துமஸ் வரை யாரும் அலமாரியைத் தொடக்கூடாது. அதைக் கொண்டுபோய்க் குண்டு வத்தல் குழம்புக்குப் பக்கத்தில் வைப்பதா?

அது எப்படி உண்டாகிறது என்று இங்கே வாசிக்கிறவர்களுக்குத் தெரியட்டும். சிரோன் என்று ஒரு குளிர்ந்த சிற்றாறு, கரோன் என்கிற பெரிய ஆற்றோடு சேரும் இடம். இலையுதிர் காலத்துக் காலையில் மூடுபனி எழும், மத்தியானம் வெயில் வரும். அந்த ஈரத்தில் திராட்சைமேல் போட்ரிடிஸ் பூஞ்சணம் பிடிக்கும், பிந்தின வெயிலில் பழம் சுருங்கும். வெறும் ஈரம் மட்டும் இருந்தால் பழம் அழுகிப்போகும், எல்லாம் போச்சு. கொத்துக் கொத்தாக வெட்ட முடியாது, பூஞ்சணம் சரியாகப் பிடித்த மணிகளை மட்டும் பொறுக்க ஒரே கொடிக்கு ஆட்கள் திரும்பத் திரும்பப் போவார்கள். செமியோனுக்குத் தோல் மெலிசு, பூஞ்சணம் எளிதில் இறங்கும், அதனால்தான் அதில் செமியோன் பங்கு அதிகம். 1855-ல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்த வரிசைப்பாட்டில் சத்தோ திக்கெம் என்கிற சோதேர்னை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தனி இடத்தில் வைத்தார்கள். அந்த ஊரில் அதை வாத்து ஈரலோடு குடிப்பார்கள், அல்லது ரோக்ஃபோர் என்கிற உப்புக் கரிக்கிற நீலப் பாலாடைக்கட்டியோடு. குழம்போடு அல்ல.

அப்புறம் இன்னொன்று. கணவாய் மிளகு வறுவலை ஏன் போர்தோவுக்குத் தள்ளினீர்கள்? மிளகு காரம் வத்தல் காரம் மாதிரி நின்று எரியாது. நன்றாகச் சுருண்ட கணவாய்க்கு ரோன் வெள்ளைதான் என் வோட்டு.

மடத்துக்காரி எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. சோதேர்ன் விஷயத்தை ஓரகத்தியிடம் சொன்னேன். முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு "அடுப்படிக்காரர் சொன்னால் காரணம் இருக்கும், கேள்" என்கிறாள். என்ன காரணம் அண்ணே?

அப்படியே இதையும் சொல்லுங்கள். குளிர வைப்பது எப்படி? எங்கள் ஃபிரிட்ஜில் மீனும் மாவும் போக இடமில்லை. மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. ஒயின் கிளாஸ் கிடையாது, எவர்சில்வர் டம்ளர்தான்.

பழைய அடுப்படி எழுதியது:

அரசலாறு தம்பி சொன்ன விவரம் ஒன்றுகூடத் தப்பில்லை. ரோக்ஃபோரோடு அது ஏன் சேர்கிறது? உப்புக்கும் இனிப்புக்கும் உள்ள இழுபறி. அந்த இனிப்பே உறைப்பையும் தணிக்கும். லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள ஒயின் அது. வெறும் இனிப்பென்றால் சர்பத் போதுமே, ஆனால் சோதேர்னில் இனிப்புக்கு அடியில் புளிப்பு ஓடிக்கொண்டிருக்கும். பழம் சுருங்கும்போது சர்க்கரையோடு புளிப்பும் கெட்டிப்படுகிறது. நண்டுக் குழம்பில் வத்தல் உறைப்பு, நண்டின் தித்திப்பு, தேங்காய் அரைப்பு மூன்றும் இருக்கின்றன. ஒயினில் மூன்றுக்குமே பதில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அது நம் மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு, அதாவது நம் குண்டு வத்தலுக்கு, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, தெரியும்தானே? குண்டு வத்தலில் தோல் தடிப்பு, வாசம் உண்டு, நிறம் உண்டு. உறைப்பு சம்பா வத்தல் அளவுக்குக் குத்தாது. நீங்கள் அதை அரைத்து ஊற்றுவதால்தான் இந்த யோசனையே. வெறும் மிளகாய்த்தூளை அள்ளிப் போடுகிற குழம்பென்றால் நானும் தம்பி கட்சிக்குப் போய்விடுவேன்.

தொதலோடு வைக்கக் கூடாத ஒயினை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதைவிட, பொருந்துகிற ஒரு குழம்போடு வைத்து ருசிப்பது மரியாதை என்பது என் கட்சி. ஒரு சமரசம் வேண்டுமானால், பாதியைக் குழம்போடு கொடுங்கள், மீதியைச் சாப்பாடு முடிந்து உப்பு முந்திரியோடு வையுங்கள். எது ஜெயித்தது என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லட்டும். கணவாய்க்கு ரோன் என்பது பரவாயில்லை, மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிக் கடைசியில் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

குளிர வைப்பது: தெர்மாகோல் பெட்டி அருமை, மீன் வாடை போகப் புளித் தண்ணீரால் கழுவிக் காயவைத்துவிடுங்கள். நிறையப் பேர் ஐஸை மட்டும் கொட்டி பாட்டிலைச் செருகுவார்கள், அது மெதுவாகத்தான் குளிரும். பாதி ஐஸ், பாதித் தண்ணீர், ஒரு கை கல்லுப்பு. தண்ணீர் பாட்டிலைச் சுற்றி முழுக்கத் தொடும், அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். கஸ்கோன் 8 டிகிரி பக்கம், போர்தோ 10, சோதேர்னும் அதே. ரோனை மட்டும் 12 டிகிரி வரை விடலாம். அதை ரொம்பக் குளிரவைத்தால் ரூசானும் வியோனியேயும் வாயை மூடிக்கொள்ளும், சாராயம் மட்டும் மிஞ்சும். நம் வெயிலில் தட்டில் வைத்த பத்து நிமிஷத்தில் எல்லாம் சூடாகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டுப் பாட்டிலைத் திரும்பப் பெட்டியில் வையுங்கள்.

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், அதில் நிறமும் தெரியாது, மணமும் நிற்காது. டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் போதும். எங்கள் கடை அடுப்படியில் நாங்கள் சட்டி கழுவுகிறவர்கள் குடித்ததெல்லாம் துராலெக்ஸ் கண்ணாடி டம்ளரில்தான், ருசிக்கு ஒரு குறையும் வந்ததில்லை. கிளாஸில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

உச்சிப்புளி எழுதியது:

எனக்குப் பிரான்சில் கொழுந்தன் இல்லை. ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கிடைக்கிற சரக்கில் இந்தக் கலப்பு விளையாட்டை விளையாட வழி உண்டா?

பழைய அடுப்படி எழுதியது:

உண்டு. மதுரைப் பக்கம் போனால் டாஸ்மாக் எலைட் கடையில் கேட்டுப் பாருங்கள். நாசிக் பக்கத்து சொவிஞ்ஞோன் பிளாங்க் ஒன்று, செனின் பிளாங்க் ஒன்று கிடைத்தால் போதும். ரெண்டும் தனித்தனிப் பாட்டில். வீட்டில் மருந்து அளக்கிற மூடியை வைத்து, சொவிஞ்ஞோன் ஏழு மூடி, செனின் மூன்று மூடி என்று ஒரு கிளாஸில் ஊற்றுங்கள். இன்னொன்றில் பாதிக்குப் பாதி. மூன்றாவதில் வெறும் சொவிஞ்ஞோன். மூன்றையும் நெத்திலி வறுவலோடு ருசித்துப் பாருங்கள், பிறகு அதே மூன்றை ரசம் சோற்றோடு. கலப்பு என்ன செய்கிறது என்று ஒரு மத்தியானத்தில் புரிந்துவிடும். போர்தோ கிடைக்காது, செனின் வேறு குணம். ஆனால் கை அளவு பிடிபடும்.

செனின் பாட்டிலில் சிலது கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும். அதைக் குறையாக எடுக்காதீர்கள், நம் குழம்புக்கு அது வசதி.

மடத்துக்காரி எழுதியது:

சாப்பாடு முடிந்தது, சொல்கிறேன்.

நெத்திலியும் கஸ்கோனும் சட்டென்று காலியாகிவிட்டன. சாளைக் குழம்புக்கு அதில் ஒரு சொட்டுகூட மிஞ்சவில்லை, தண்ணீரைக் குடித்தே சாப்பிட்டார்கள், யாருக்கும் குறை தெரியவில்லை. அவித்த நண்டைத் தட்டில் கொட்டியதும் ஓரகத்தி இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆந்த்ர்-து-மேரை அவள் துலூஸில் எத்தனையோ முறை குடித்திருக்கிறாளாம், அதில் தேன் வாசம் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன் என்றாள். கொழுந்தன் யார் சொன்னதையும் கேட்காமல் ரோனை எடுத்துக் குழம்பு நண்டுக்கு ஊற்றிக்கொண்டான். ரெண்டு வாயில் காது சிவந்து, மூக்கு ஒழுகி, மோர் கேட்டான். பிறகு அதே ரோனைச் சொதியோடு குடித்துவிட்டு "இது வேற பாட்டிலா?" என்று கேட்டான். கணவாயோடும் ரோன் நன்றாகத்தான் இருந்தது, அரசலாறு சொன்னது சரி.

சோதேர்ன் ஓட்டெடுப்பில் வீடு ரெண்டாகப் பிரிந்துவிட்டது. குழம்போடுதான் நன்றாக இருந்தது என்று நானும் ஓரகத்தியும். முந்திரியோடுதான் என்று என் வீட்டுக்காரர். மாமியார் குழம்போடு ஒரு கிளாஸ், முந்திரியோடு ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, இன்னும் ஒரு தடவை பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று கிளாஸை நீட்டினார். யாருக்கும் தெரியக்கூடாது என்றது எல்லாம் அவருக்கே மறந்துவிட்டது.

ரோன் பாதிப் பாட்டில் மிச்சம் இருக்கிறது. எத்தனை நாள் தாங்கும்?

பழைய அடுப்படி எழுதியது:

கொழுந்தனுக்கு மோர் கொடுத்தது சரியான வைத்தியம், உறைப்பைப் பால்தான் எடுக்கும்.

மிச்ச ரோனை இறுக்க மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ரெண்டு மூன்று நாள் குடிக்கலாம். கிரெனாஷ் பிளாங்க் காற்றுப் பட்டால் சீக்கிரம் வாடுகிற ரகம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். சோதேர்ன் என்றால் அந்தச் சர்க்கரைக்கு ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கியிருக்கும், ஆனால் உங்கள் மாமியார் இருக்கிற வீட்டில் அந்தக் கேள்வி வராது.

குடிக்க ஆள் இல்லையென்றால் சமைத்துவிடுங்கள். இறால் உரித்த தலையையும் ஓட்டையும் எண்ணெயில் சிவக்க வதக்கி, சின்ன வெங்காயம் நாலு, பூண்டு ரெண்டு பல் தட்டிப் போட்டு, ஒரு டம்ளர் ஒயினை ஊற்றிப் பாதியாகச் சுண்டவிடுங்கள். சாராய நெடி போய் நல்ல வாசம் எழும்பும். வடிகட்டி, அந்தச் சாற்றில் ரெண்டாம் தேங்காய்ப்பால், உப்பு, முழுப் பச்சை மிளகாய் ஒன்று. கொதி வந்ததும் இறாலைப் போட்டு, சுருண்டவுடன் இறக்கி முதல் பாலை ஊற்றுங்கள். புளியும் எலுமிச்சையும் வேண்டாம், ஒயினில் இருக்கிற புளிப்பே போதும். அலுமினியச் சட்டியில் மட்டும் செய்யாதீர்கள், மண்சட்டியோ எவர்சில்வரோ எடுங்கள்.